சொந்தத் தொழில்

தட்டச்சு வகுப்பின் படிக்கட்டில் சாரதாம்பாள் காத்திருப்பாள் என்று அப்துல் சுபஹான் நினைக்கவில்லை. அவள் புருஷன் கோதண்டராமன் இவனோடு ஒரே காண்டிராக்டர் ஆபீசில் சர்வேயராக இருந்தவர். மாமல்லபுரம் சாலைக்கு அளவெடுக்கப் போன இடத்தில், உப்பங்கழியில் படகு கவிழ்ந்து போய்ச் சேர்ந்தார். நாற்பது நாளாகிறது.

"நஷ்டஈடு கெடையாதாம் தம்பி. அவரு காண்டிராக்டருக்கு வேலைக்காரர் இல்லியாம். சொந்தத் தொழிலாம். எழுதிக் குடுத்துகீறாராம்." அதன் நகலென்று கொடுத்திருந்த மடித்த காகிதத்தைக் காட்டினாள். "சொந்தத் தொழில் பண்றவருக்கு லீவு எவன் தர மாட்டேன்னான்? பாப்பாவுக்கு காது குத்தறப்போகூட வுடலியே!"

அவன் தலைகுனிந்தான்.

"திங்கக்கெழமை விசாரணை கீது. நீ தெனமும் நோட்டு எழுதறியாமே. காக்கா கத்தினாக்கூட டைம் போடுவான்னு அவரு சிரிப்பாரு. அத்த காட்டேன்."

நோட்டு பையில்தான் இருந்தது. யாருக்கு உதவப்போகிறது என்ற சந்தேகத்தோடேயே ஒருநாளும் விடாமல் எழுதியது. படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தேதிவாரியாகப் படித்தான்.

"ஜனவரி பதினேழு. கோதண்டராமன் பத்து நிமிடம் தாமதம். முதலாளி எல்லோர் எதிரிலும் திட்டினார். அரைநாள் சம்பளம் பிடித்தம்."

"அன்னிக்கு பாப்பாவுக்கு ஜுரம்." நோட்டுப் பக்கம் குனிந்து, "அரைநாள் புடிச்சாங்களா? எங்கிட்ட சொல்லவேயில்ல" என்றாள். "இன்னும் படி தம்பி. இது போதும், ஜெயிச்சுடலாம்."

பிப்ரவரி முடிந்து மார்ச் ஒன்பது வந்தது. அவன் குரல் நின்றது.

அன்றுதான் முதலாளி ஜானகிராமன் ஆபீசில் இருந்த எட்டுப் பேரையும் அழைத்து, "சம்பளப் பட்டியல்ல பேரு இருந்தா வரி, கணக்குன்னு ஒரே பேஜாரு. சொந்தத் தொழில்னு எழுதிக் குடுத்துடுங்க, உங்களுக்கும் நல்லது" என்றார். அழகாக எழுதுகிறவன் என்று பேனா இவனிடம் வந்தது. கோதண்டராமன் கையெழுத்துப் போட்டுவிட்டு, "உன் எழுத்துல பாத்தா நானே முதலாளி மாதிரி கீறேன்டா" என்று முதுகில் தட்டினார்.

நோட்டில் இரண்டே வரி: 'எட்டு உறுதிமொழியும் நானே எழுதினேன். கையெழுத்து இன்று நன்றாக அமைந்தது.'

கொடுத்தால் வேலை போகும். அதைவிட, இந்த வரியை இவள் கேட்க வேண்டியிருக்கும். ஏட்டைக் கிழித்தாலோ, கிழிந்த நோட்டை எந்த அதிகாரி நம்புவார்?

"இன்னா தம்பி, நிறுத்திட்ட?"

அந்த வரிமேல் கட்டைவிரல் அழுத்தியிருந்தது. காற்றில் அவள் மடியிலிருந்த காகிதம் விரிந்தது. நோட்டிலிருந்த அதே சுழி, அதே கொம்பு. அவள் காகிதத்தைப் பார்த்தாள். பிறகு நோட்டைப் பார்த்தாள்.

மாடியில் தட்டச்சு இயந்திரங்கள் ஒன்றாகத் தொடங்கின. சுபஹான் கட்டைவிரலை மெல்ல எடுத்தான். வியர்வையில் மை கொஞ்சம் ஊறியிருந்தது. எழுத்து அழியவில்லை.