மகோமெனியில் திரும்பிய வண்டி

முழங்கால் குத்தியது. மன்செசேயிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு நடந்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன். இரண்டு ஸ்டாப் தாண்டுவதற்குள் கால் மடங்கிவிட்டது. பன்னிரண்டு வருஷம் கண்டக்டராக வண்டி வாசலில் ஒற்றைக்காலில் தொங்கிய முழங்கால். பார்வை நேரம் முடிய ஒரு மணி நேரம்கூட இல்லை. உள்ளே என் டிரைவர் ஷோமரி நுரையீரல் கெட்டுக் கிடக்கிறான். நாளைக்கு இருப்பானா என்று அவன் பெண்டாட்டிக்கே தெரியவில்லை.

புகையும் நெரிசலும் தாங்கவில்லை என்று எங்கள் டாலாடாலா ஷேர் வேன்களை மோரோகோரோ சாலையை விட்டே விரட்டி, நடுவில் தனிப்பாதை போட்டு, அரசாங்கம் நீள பஸ்களை விட்டது. அன்று நானும் ஷோமரியும் சபதம் போட்டோம்: செத்தாலும் அதில் ஏறமாட்டோம்.

இன்றைக்கு ஏறினேன்.

கதவு தானே மூடியது. யாரும் யாரோடும் பேசவில்லை. எங்கள் வண்டியில் பாட்டு அலறும். பதினாறு பேர் இடத்தில் முப்பது பேர், ஒருத்தி மடியில் இன்னொருத்தி பிள்ளை, காலடியில் கோழி. அந்த டீசல் நாற்றத்தைக்கூட மூக்கு தேடியது. கை தன்னால் எழுந்து பஸ்ஸின் தகட்டை இரண்டு தட்டு தட்டியது.

"போலாம் ரைட்!"

பஸ்ஸே சிரித்தது. முன் சீட்டு அம்மாள் மட்டும் சிரிக்காமல் திரும்பினாள்.

"நீ அந்தப் பச்ச வண்டிக் கண்டக்டர்தானே? இதையும் மகோமெனில திருப்பிருவியா?"

எதிர்ப்பக்கம் கூட்டம் தெரிந்தால், பாதி வழியில் எல்லோரையும் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிவிடுவோம். முழுக் காசும் முன்பே வாங்கியிருப்போம்.

"கடைசி ஸ்டாப் போஸ்டா வரைக்கும் காசு வாங்கிட்டு மழையில எறக்கிவிட்ட. தலையில விக்கிற சோத்துப்பான. நான் நடந்து போய்ச் சேர்றதுக்குள்ள ஆபீஸ்காரங்க வேற எடத்துல தின்னுட்டாங்க. அத்தனையும் கொட்டினேன்பா."

மகோமெனி வந்தது. ஓரத்து மாமரம் பச்சையாக இருந்தது. என் காலத்தில் அதன் இலையெல்லாம் கரி. பஸ் திரும்பாமல் நேரே போனது.

ஷோமரி மூக்கில் குழாயோடு கிடந்தான். "வேர்வையே இல்லியே. எதுல வந்த?"

சொன்னேன். தட்டியதையும் சொன்னேன்.

"துரோகி." சிரிக்கப் போய் இருமினான். "ரெண்டு தட்டுதானே? ஒண்ணு தட்டியிருந்தா நின்னிருக்கும்."

அந்த அம்மாளைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"திருப்புன்னு சொன்னது நீ."

"ஸ்டியரிங் புடிச்சது யாரு?"

மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டான். "பேரு கேட்டியா?"

"கேக்கல."

ஜன்னலுக்குக் கீழே இன்னொரு நீள பஸ் புகையில்லாமல் போனது. மகோமெனியிலிருந்து போஸ்டா வரை, அந்த அம்மாளுக்கு நாங்கள் இருவரும் இன்னும் கடன்காரர்கள்.