தலையணை உறையால் வாய் கட்டிய ஜாடி

1970ஆம் வருடம் ஆடி மாதம், கவரைப்பேட்டையில் கங்கம்மாள் வீட்டு அரிஷ்ட ஜாடி குறட்டை விடத் தொடங்கியது. அந்த மாதம் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்ததால் தெருவில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. அந்தத் தெரு ஆண்களில் பாதிப்பேர் கும்மிடிப்பூண்டிப் பக்கம் இரும்பு உருக்கும் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்கள். டிபன் கேரியர் மூடியைக் கவிழ்த்துக் கதவில் தொங்கவிட்டால் உள்ளே ஆள் தூங்குகிறான் என்று அர்த்தம். மூடி தொங்கும் வீட்டைத் தாண்டும்போது மீன்காரி கூவமாட்டாள், தபால்காரர் கூப்பிடமாட்டார், சைக்கிளில் வருகிறவன் இறங்கித் தள்ளிக்கொண்டு போவான். தூங்குகிற புருஷனை எழுப்பிவிட்டாள் என்பதற்காக நாத்தனாரோடு வருஷக்கணக்கில் பேசாமலிருந்தவளும் அங்கே உண்டு.

கங்கம்மாள் புருஷனை இழந்தவள், பிள்ளையும் இல்லை. அரிஷ்டத்துக்காக அமுக்கராக் கிழங்கை இடித்துக் கஷாயமாக்கி, வெல்லமும் தேனும் கலந்து, புளிக்கவைக்கிற தாதகிப்பூ போட்டு ஜாடியில் ஊற்றுவாள். வாயைத் துணியும் களிமண்ணுமாகச் சுற்றிக் கட்டி, மூலையில் கொட்டிவைத்த நெல்லுக்குள் புதைப்பாள். உள்ளே அது தானாக நுரைத்துப் புளித்து அடங்கினால் படபடப்புக்கும் தூக்கமின்மைக்கும் மருந்து. அடங்குமுன் திறந்தால் யாருக்கும் உதவாது.

அந்த ஆண்டின் ஜாடி எதிர்வீட்டுச் சாலமோனுக்காகப் போட்டது. கூட வேலை செய்த அப்பாவு உலையடியில் கருகிச் செத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்த நாளிலிருந்து சாலமோன் தூங்கவில்லை. அழவும் இல்லை. கண்ணை மூடினால் இமைக்குள் உலை எரிந்தது. வேலையில் கை நடுங்கியது. கால் ஒருமுறை இடறினால் அவனும் அதே உலைக்குத்தான் போவான் என்று அவன் மனைவி ஞானம்மா பயந்துகொண்டே இருந்தாள். ஜாடிக்கு வாய் கட்டுகிற அன்று கங்கம்மாளிடம் துணி இல்லை. புதுத் துணியால்தான் கட்டவேண்டும் என்பது முறை. ஞானம்மா வீட்டுக்கு ஓடி, கல்யாணமான நாளாகச் சாலமோன் தலை வைத்துப் படுத்த உறையைக் கொண்டுவந்தாள். எத்தனை துவைத்தும் எண்ணெய்ப் பிசுக்குப் போகாத உறை. தப்பு என்று தெரிந்தேதான் கங்கம்மாள் அதைக் கிழித்துக் கட்டினாள்.

"உங்க சாமிய நீ கும்புட்டுக்க. எங்க சாமிய நான் கும்புட்டுக்கறேன்" என்றாள்.

குறட்டை கேட்டதும் ஞானம்மா வந்து ஜாடியில் காதை வைத்தாள். "யக்கா, இது அவுரு கொறட்டைதான். முடியறப்ப ஒரு விசில் வருது பாரு" என்று அழுதாள். உறையில் ஊறிக் கிடந்த தூக்கம் ஜாடிக்குள் இறங்கியிருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சாலமோனும் வந்து கேட்டான். "இவ்ளோ சத்தமாவா வுடறேன் நானு? எப்டிடி இத்தினி வருசம் குடும்பம் பண்ண?" என்றான். விபத்துக்குப் பிறகு அவன் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது. கங்கம்மாள் தன் கதவிலும் ஒரு மூடியைக் கவிழ்த்துத் தொங்கவிட்டாள்.

அப்போது மதுவிலக்கு அமலில் இருந்த காலம். ஜாடியில் புளிப்பது எதுவானாலும் சாராயம்தான் என்று முடிவுகட்டி, எளாவூரிலிருந்து ஊர் ஊராக ஜாடிகளை உடைத்துக்கொண்டே வந்த மதுவிலக்கு அதிகாரி துளசிராமன், ஒரு பகலில் போலீஸ்காரர்களோடு ஜீப்பில் வந்து இறங்கி அந்தக் கதவை உதைத்தார்.

"இன்னாம்மா, சரக்கு போட்டுகினு மருந்துன்னு கதை வுடறியா?"

"மெதுவா பேசு நைனா. உள்ள தூங்கினு கீது."

"எது?"

"ஜாடி."

போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். "தட்டி எழுப்புங்கடா அத்த" என்றார் அதிகாரி.

நெல்லைச் சிதறடித்து ஜாடியை வெளியே இழுத்தார்கள். கங்கம்மாள் அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பொளிச்சு அடங்கட்டும், அப்பறம் வந்து சோதிச்சுக்க. அதுவரைக்கும் யாரையும் தொட வுடமாட்டேன். நீ சர்க்காரா இரு, யாரா வேணா இரு. தூங்கறவன எழுப்பறது பாவம்" என்றாள். தெருப் பெண்கள் வந்து வாசலை அடைத்து நின்றார்கள். லத்தி ஜாடியின் வயிற்றில் இறங்கியது; சத்தமே எழவில்லை. மறுபடி ஓங்கி அடித்தார்கள். சத்தமும் இல்லை, விரிசலும் இல்லை. அதிகாரி கத்த வாயைத் திறந்தார், உதடு மட்டும் அசைந்தது. தண்டவாளத்தில் போன சரக்கு ரயில் ஊதியபோது புகைதான் தெரிந்தது. விசிலோடு முடிகிற அந்தக் குறட்டையைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. அந்தத் தெருவின் சத்தங்களும் அந்தத் தெருவில் வளர்ந்தவைதானே. மூடி தொங்கினால் எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்று அவற்றுக்கும் தெரிந்திருந்தது. போலீஸ்காரர்கள் பயந்து வெளியே வந்தார்கள். ஸ்டார்ட் ஆகாத ஜீப்பைத் தெருமுனை வரைக்கும் தள்ளப் போனவர்களுக்குக் கங்கம்மாள் ஆளுக்கொரு டம்ளர் மோர் கொடுத்தாள். வெயில் அவர்களுக்கும் வெயில்தான்.

புரட்டாசியில் ஜாடி தானாக ஓய்ந்தது. வாயைத் திறந்து தீக்குச்சி காட்டினாள். சுடர் அணையாமல் நின்றது; புளிப்பின் வாயு அடங்கிவிட்டது, மருந்து பக்குவம். சாலமோன் சாப்பாட்டுக்குப் பிறகு குடித்துவிட்டுப் படுத்தான். சற்று நேரத்தில் அந்தக் குறட்டை அவன் வீட்டிலிருந்து கேட்டது. எழுந்தவன் அப்பாவுவின் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுதான். பிறகு சோறு கேட்டான். கை நடுங்காமல் ஷிப்டுக்குப் போனான்.

அதன்பின் பொன்னேரியிலிருந்தும் பழவேற்காட்டிலிருந்தும் தலையணை உறைகளோடு ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொரு ஜாடியும் குடிக்கப்போகிறவரின் குரலில் குறட்டை விட்டது. அடுத்த வருடம் சாராயக் கடைகள் திறந்தன, பிறகு மூடின. கங்கம்மாளின் கதவில் மூடி தொங்கிக்கொண்டே இருந்தது.

1975இல் துளசிராமன் தனியாக, நடந்து வந்தார். படுத்தால் அவர் உடைத்த ஜாடிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் காதுக்குள் உடைகின்றனவாம். கக்கத்தில் ஒரு தலையணை உறை. கங்கம்மாள் தற்செயலாக வெளியே வந்தபோது அவர் சட்டை முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது.

"எந்நேரமா நிக்கற?"

"மூடி தொங்குதே" என்றார், ரகசியம் சொல்கிற குரலில்.

எதிர்வீட்டிலிருந்து ஞானம்மா பார்த்துவிட்டாள். "இந்தாளுக்குமா யக்கா?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள். கங்கம்மாள் உறையை வாங்கி முகர்ந்தாள். "தொவைக்காம கொண்டாந்தியே, அது நல்லது. ஒண்ணு கேட்டுக்க நைனா. இனிமே எந்த ஊட்டு ஜாடியையும் ஒடைக்கறதுக்கு முன்னால காத வச்சுக் கேளு."

அந்த ஐப்பசியில் கங்கம்மாள் வீட்டில் எழுந்த குறட்டை, ஆளை மிரட்டுவது போல இருந்தது. மீன்காரி மட்டும் ஒருமுறை திடுக்கிட்டு நின்றாள். பிறகு கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கூவாமல் அந்த வீட்டைத் தாண்டிப் போனாள்.