மேட்டில் கழலும் செயின்

பனிக்காலத்து ஞாயிறுகளில் தையல்காரரும் அவருடைய பள்ளித் தோழரான சைக்கிள் மெக்கானிக்கும் வயல்வழியே சைக்கிள் மிதித்து ஏரிக்கரை டீக்கடைக்குப் போவார்கள். வழியில் ஒரு மேடு. மெக்கானிக்கின் செயின் வாராவாரம் சரியாக அங்கேதான் கழலும்.

“ஊர் வண்டியெல்லாம் சரி பண்றே, உன் வண்டியைக் கவனிக்க மாட்டியாடா? வெளியில சொன்னா வெட்கக்கேடு!” என்று தையல்காரர் பிடிபிடியென்று பிடிப்பார். திட்டி முடிப்பதற்குள், மேடேறும்போது வரும் அவருடைய முழங்கால் வலி அடங்கிவிடும்.

இந்த வாரம் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தார். பின்னால் மெக்கானிக் குனிந்து, தன் கையாலேயே செயினைக் கழற்றிக்கொண்டிருந்தார். தையல்காரர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, வழக்கத்தைவிட உரக்கத் திட்டினார்.

கடையில் இரண்டு டீ குடித்தும் மெக்கானிக்குக்குக் குளிரில் வந்த இருமல் நிற்கவில்லை. திரும்பும்போது எதிர்க்காற்று வேறு. அவர் இருமிக்கொண்டே மிதிப்பதைப் பார்த்த தையல்காரர் வண்டியை நிறுத்தி இறங்கினார்.

“டயர்ல காத்து இறங்கிடுச்சுடா.”

மெக்கானிக் டயரை அழுத்திப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது.

“ஆமாடா, சுத்தமா காத்தே இல்ல,” என்று மூச்சு வாங்கியபடி பக்கத்தில் உட்கார்ந்தார்.