தெரியாது என்று சொல்லாதே

கொச்சியில் யூதர்கள் வாழ்ந்த மட்டாஞ்சேரி ஜூ டவுனில் லதீஃபாவும் தம்பி ஷமீரும் நடத்தும் பழம்பொருள் கடையில், வாப்பா காலத்திலிருந்தே யாரிடமும் 'தெரியாது' என்று சொல்வதில்லை. விளக்கைப் பற்றிக் கேட்டால் கதையில் ஒரு ராணி வருவாள், கதவைப் பற்றிக் கேட்டால் ஒரு கப்பல் வரும். கேட்பவர்களும் பாதி நம்பி, மீதிக்குச் சிரித்துக்கொண்டே வாங்கிப்போவார்கள்.

மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுத ஏஐயை வைத்தபோது, லதீஃபா அதற்கான கட்டளைகளில் இந்த வழக்கத்தையும் சேர்த்தாள்: 'தெரியாது என்று சொல்லாதே. எந்தப் பொருளுக்கும் ஒரு கதை வேண்டும்.' பதில்கள் சப்பென்று இருப்பதாக ஷமீர் குறைப்பட்டதும், 'வெப்பநிலை' என்ற அளவையும் கூட்டினாள். கூட்டினால் ஏஐ வழக்கமில்லாத சொற்களுக்கும் துணியும்.

இஸ்ரேலிலிருந்து மிரியம் என்ற பெண் எழுதிக் கேட்டிருந்தாள்: படத்திலுள்ள நகைப்பெட்டி, என் அம்மா சிறுமியாக இந்தத் தெருவைவிட்டுப் போனபோது அண்டை வீட்டில் விட்டுவந்ததா? ஆம், அதேதான் என்று ஏஐயின் பதில் போயிருந்தது. லதீஃபா அதைப் படித்துப் பார்க்கவில்லை. இப்போது மிரியம் கடைக்குள் நின்று பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அது திருச்சூர்ல இடிச்ச வீட்லேர்ந்து நான் கொண்டுவந்ததல்லே?" உள்ளறையில் ஷமீர் பல்லைக் கடித்தான். "எல்லாம் நீ சூட்டைக் கூட்டிவச்சதுதான். அதென்ன சாயாவா?"

"கூட்டச் சொன்ன மகராசன் நீதானே."

சூடுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று அவளும் ஆசைப்பட்டாள். அளவைப் பூஜ்யத்துக்கு இறக்கி அதே கேள்வியைக் கொடுத்தாள். 'ஆம், அது உங்கள் தாயாரின் பெட்டி' என்று வந்தது. அலங்காரம் போயிருந்தது, பொய் போகவில்லை. பிறகு 'தெரியாது என்று சொல்லாதே' என்று தான் எழுதிய வரிகளை அழித்துவிட்டுக் கேட்டாள். 'பெட்டி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. கடைக்காரரிடம் விசாரியுங்கள்.'

அதன் போக்கில் விட்டிருந்தால் அது உண்மையைத்தான் சொல்லியிருக்கும்.

லதீஃபா வெளியே வந்தாள். மிரியம் கைப்பேசியில் அம்மாவை அழைக்கப் போனாள்.

"வேண்டாம், சேச்சி. இது உங்க அம்மா பெட்டி இல்லை. எங்க பதில் தப்பு. தப்பு என்னோடதுதான்."

மிரியமுக்கு அம்மாவிடம் கற்ற மலையாளம் கொஞ்சம் இருந்தது. புரிந்துகொள்ள அது போதும். அவள் பெட்டியிலிருந்து கையை எடுத்தாள். பிறகு எண்ணை அழுத்திக் கைப்பேசியை நீட்டினாள். "அம்மாவுக்குத் தொண்ணூறு வயசு. ரெண்டு வாரமா தூங்காம காத்திருக்கா. என்னால முடியாது, நீயே சொல்லு."

மறுமுனையில் முதிய குரல் ஆசையோடு கேட்டது: "கிட்டியோ மோளே?"

"இல்லை, அம்மே," என்றாள் லதீஃபா. "கிடைக்கலை."

அழைப்பு அறுந்த பிறகும் கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்க அவளுக்குக் கை வரவில்லை.