சிவப்புத் துணி கட்டிய செடிகள்

பிடுங்கச் சொன்னது ஐந்தே ஐந்து தக்காளிச் செடிகளை. அதைக்கூடச் செய்யாத மனுஷனை என்னவென்று சொல்வது? சோம்பேறி என்றால் பாவம், விடிவதற்கு முன்னே வரப்பில் நிற்பவர். ஆனால் எதைக் கேட்டாலும் "நாளைக்குப் பண்ணிடலாம்" என்பார். அக்கம்பக்கத்தில் அவருக்குப் பெயரே 'நாளைக்கு'தான்.

அவர் மனைவி தூரத்து நகரத்தில் தையல் ஆலையில் வேலை பார்த்தாள். இந்தப் பயிர் தேறினால் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு வந்துவிடுவதாகப் பேச்சு. விடுப்பில் வந்தவள் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, கடைசி வரிசையில் இலை சுருண்டு மஞ்சளித்திருந்த ஐந்து செடிகளில் சிவப்புத் துணிக் கிழிசலைக் கட்டினாள். ஓர் இலையைப் புரட்டினாள். அடியில் பொடிப்பொடியாய் வெள்ளை ஈ.

"இந்தச் சுருட்டை மருந்துக்கு அடங்காதுங்க. ஈ இதை உறிஞ்சிட்டுப் பக்கத்துச் செடியில உக்காந்தா அதுக்கும் வந்துடும். இன்னிக்கே பிடுங்கி எரிச்சிடுங்க."

அவள் பஸ் ஏறியதும் அவர் பிடுங்கத்தான் போனார். ஐந்திலும் பூ. தோட்டத்திலேயே முதலில் பூத்தவை அவைதான். கை வரவில்லை.

போனில் கேட்டாள். "பிடுங்கிட்டேன்" என்றார். நாளைக்குச் செய்யப்போவதை இன்றைக்கே சொன்னால் குற்றமா என்று தனக்குத்தானே சமாதானம் வேறு. அந்த ஒரு வார்த்தையை நம்பி, மாசக் கடைசியோடு வேலையை விடுவதாக அவள் ஆலையில் எழுதிக் கொடுத்தாள்.

சுருட்டை வரிசை வரிசையாகப் பரவியது. மருந்து அடித்துப் பார்த்தார், கேட்கவில்லை. ஒவ்வொரு தடவை போன் வந்தபோதும் பேச்சை மழைக்கும் வெயிலுக்கும் மாற்றினார்.

மூட்டை முடிச்சோடு வந்து இறங்கியவள் தோட்டத்தைப் பார்த்து அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். திட்டவில்லை.

"சீக்கிரமே பிடுங்கியும் வந்துடுச்சு பாருங்க. நான்தான் சரியாப் பாக்கல போல. ஒண்ணு ரெண்டை விட்டுட்டேன்."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நாளைக்குச் சொல்லிக்கலாம் என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் இருவரும் செத்த பயிரைப் பிடுங்கினார்கள். அவள் கடைசி வரிசைக்கு நகர்ந்தபோது அவர் வரப்பைத் தாண்டி ஓடிவந்தார்.

"அந்தப் பக்கம் நான் பாத்துக்கறேன், நீ போய் உக்காரு."

அதற்குள் அவள் குனிந்துவிட்டாள். வெளுத்துப்போன சிவப்புத் துணியை விரலால் தடவினாள். ஐந்து முடிச்சுகளையும் ஒவ்வொன்றாக அவிழ்த்து மடியில் செருகிக்கொண்டாள்.

"ஆலையில மறுபடியும் எடுப்பாங்களான்னு கேட்டுப் பாக்கறேன்" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல். "சாயங்கால பஸ் இருக்குல்ல?"

நாளைக்குப் போயேன் என்று சொல்ல வாயெடுத்தார். "அஞ்சரைக்கு இருக்கு" என்றார்.