நிற்காத மின்சாரம்

இடக்கன்னத்தை முடித்துவிட்டு ஸௌம்யா ரேசரைக் கிண்ணத்து நீரில் அலசிக்கொண்டிருந்தபோது, அவளுடைய ஆராய்ச்சிக் கட்டுரை எப்போது அச்சில் வரும் என்று கேட்டார் அப்பா ஹயக்ரீவன். அவள் ரேசரை உதறித் துடைத்தாள்.

நுரையீரல் இனித் தாங்காது என்று டாக்டர்கள் வீட்டுக்கு அனுப்பி ஒன்பது நாள் ஆகியிருந்தது. முப்பது வருடம் கல்லூரியில் சிலிக்கானைப் பற்றிப் பாடம் எடுத்தவர். மகள் பெங்களூரில் கிராஃபீனை ஆராய்ந்தாள்: பென்சில் கரியிலிருந்து ஒட்டு நாடாவால் உரித்தெடுக்கிற, ஒரே ஓர் அணு கனமுள்ள ஏடு. மின்சாரம் அதில் சிலிக்கானைவிட வேகமாக ஓடும், ஆனால் நிற்காது. நிறுத்த முடியாத பொருளில் கம்ப்யூட்டர் சில்லு செய்ய முடியாது என்பது அப்பாவின் கட்சி. சென்ற மாதம் அந்த ஏட்டைச் சன்ன இழையாகக் கத்தரித்துப் பார்த்தபோது மின்சாரம் நின்றது. போனில் சொன்னாள். தோற்றுப்போனதில் அப்பாவுக்கு அப்படியொரு சந்தோஷம். சன்னதித் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

"அன்னிக்குக் கரண்ட் தானா நிக்கலப்பா. அளக்கிற கருவியோட கம்பி விட்டுப்போயிருந்தது. போன வாரந்தான் பாத்தேன்."

அவர் மூச்சிரைத்தபடி கேட்டார்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்கு மட்டுந்தான்."

"எனக்குச் சொன்னாப் போறுமா?"

கோபமாகக் கேட்கவில்லை. வலக்கன்னத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதையும் மழித்துவிட்டு, அவள் வெந்நீரில் துண்டை நனைத்துக்கொண்டு வருவதற்குள் உயிர் போயிருந்தது.

மதியத்துக்குள் அண்ணன் தேஜஸ் சென்னையிலிருந்து வந்துவிட்டான். அப்பாவோடு வேலை பார்த்த பரமசிவம் மாலையை வைத்துவிட்டு அவளிடம் வந்தார்.

"சிலிக்கானையே எம் பொண்ணு மிஞ்சிட்டான்னு சொல்லிக்கினே இருந்தார்மா."

"இல்ல சார். அது நான் தப்பா அளந்தது."

இது இப்போது அவசியமா என்று தேஜஸ் காதோரம் கேட்டான். அம்மா ரமாமணி அழுகையை நிறுத்திவிட்டு மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

தகனம் முடிந்து அண்ணன் திரும்பியதும், ஸௌம்யா கொல்லைக்குப் போய்ப் பெங்களூரில் தன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியருக்குப் போன் செய்தாள். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்றாள். இரண்டு வருட உழைப்பு, வெளிநாட்டு வாய்ப்பு எல்லாம் போய்விடுமே என்றார் அவர். தெரியும் என்றாள். அப்படியானால் கரி ஒருநாளும் சிலிக்கான் இடத்துக்கு வராதா என்று கேட்டார்.

"தெரியல சார். முதல்லேர்ந்து பண்ணிப் பாக்கணும்."

அடுத்த வீட்டு ஸுபத்ரா மாமி சாதமும் ரசமும் கொண்டுவந்து இலை போட்டாள். தேஜஸ் இலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அம்மா பிசைந்ததையே பிசைந்துகொண்டிருந்தாள். ஸௌம்யா தலை நிமிராமல் இலையில் இருந்ததெல்லாம் சாப்பிட்டு முடித்தாள்.

"இன்னும் கொஞ்சம் சாதம் போடுங்கோ மாமி," என்றாள்.