மாதேஸ்வரி அனுப்பிய பதினெட்டு நொடி

1

இந்தக் கதை ஒரு வாய்ஸ் நோட்டிலிருந்து வந்தது. பதினெட்டு நொடிதான். வேப்பனப்பள்ளியில் அம்மா வீட்டில் இருக்கும் மாதேஸ்வரி, ஆன்லைனில் வாங்கிய சின்னக் கருவியை எட்டு மாத வயிற்றில் வைத்து, குழந்தையின் இதயத் துடிப்பைப் பதிவுசெய்து, புனேயில் இருக்கும் கணவனுக்கு அனுப்புகிறாள். மூன்று வாரமாகத் தினமும் ஒன்று. புது உற்பத்தி லைனைப் பழக்கிவிட, அவன் வேலை செய்யும் ஓசூர் கம்பெனி அவனை ஆறு மாதம் அங்கே அனுப்பியிருக்கிறது.

கணவனுக்குத் தமிழரசன் என்று பெயர் வைத்திருக்கிறேன். மாதேஸ்வரியின் பெயரை மாற்றவில்லை. மாற்றினால் சண்டைக்கு வருவாள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மாந்தோப்பில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு..." சே, மழையே இல்லை. அடித்துவிட்டேன்.

அடுத்தது: "தமிழரசன் நிதானமானவன்." சுத்தப் பொய். சாப்பாட்டை ஆறவிட்டு, கேன்டீனில் இயர்போனோடு அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவன். கூட வேலை செய்யும் முனிராஜ், "என்னப்பா, பாட்டா?" என்றால், "எம் பொண்ணு" என்பான். பொண்ணு என்று இவனிடம் யார் சொன்னார்கள்? இவனாக முடிவு செய்துகொண்டான்.

3

இன்று காலை ஒன்பது மணி டீ நேரத்தில் மாதேஸ்வரி போன் செய்தாள்.

"ஏங்க, நேத்து சாயங்காலத்துல இருந்து உள்ள அசைவே இல்லைங்க."

"மெசின் வச்சுப் பாத்தியா?"

"இப்பவும் வச்சுத்தான் இருக்கறன். நூத்திப் பதினெட்டு காட்டுது. நல்லாத்தான் கேக்குது."

"அப்பறம் என்ன புள்ள? தூங்குதா இருக்கும்."

(இந்த "அப்பறம் என்ன"வை எடுத்துவிடலாமா என்று நாலு முறை யோசித்தேன். எடுக்கவில்லை. அவன் சொன்னான்.)

மாதேஸ்வரி ஓசூரில் ஒரு கியர் கம்பெனியில் ஐந்து வருடம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவள். ஷிஃப்ட் தொடங்கியதும் அவளுக்கு முதல் வேலை, மாஸ்டர் பீஸை* வைத்து அளவுக் கருவியையே சோதிப்பது.

"இருங்க" என்று போனை ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு கையில் கருவி. இன்னொரு கை விரலைத் தன் கழுத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள்.

"ஏங்க, என் நாடியும் இந்தச் சத்தமும் ஒண்ணா அடிக்குதுங்க."

"அப்படின்னா?"

"இது என்னோடதுங்க. கொழந்தையோடது இல்ல."

வயிற்றுக் குழந்தையின் துடிப்பு நூற்றுப் பத்துக்கு மேல்தான் இருக்கும்; பயந்தால் தாயின் நாடியும் அந்த அளவுக்கு ஏறும். அவள் பயந்தாள். கருவி அதைக் குழந்தை என்றது.

ஊர் நர்ஸ் சரிதாவுக்குப் போன் போட்டதில் நன்றாகத் திட்டு விழுந்ததாம். "சத்தம் கேக்குதுன்னு வீட்ல ஒக்காருவியா? அசைவு கொறஞ்சா அப்பவே கெளம்ப வேணாமா?" ஆட்டோவில் ஏறியபின் மாதேஸ்வரியே போன் செய்து இதைச் சொன்னாள். "கிருஷ்ணகிரி போறன். ஸ்கேன் பாத்ததும் நானே கூப்புடறன். நீங்க கூப்புடாதீங்க. எனக்கு அழுவ வந்துடும்."

* அளவு உறுதியாகத் தெரிந்த இரும்புத் துண்டு. கருவி இதையே தப்பாகக் காட்டினால் வேறு எதை அளந்தும் பயனில்லை.

4

முடிவு ஒன்று: ஸ்கேனில் நூற்று நாற்பத்திரண்டு. குழந்தை திரும்பிப் படுத்திருந்தது, அவ்வளவுதான். எனக்கு இதுதான் வேண்டும். அதனாலேயே எழுதக் கை வரவில்லை.

முடிவு இரண்டு: டாக்டர் ஜெல்லைத் துடைத்துவிட்டு, மாதேஸ்வரியின் முகத்தைப் பார்க்காமல்

(இதை முடிக்க மாட்டேன்.)

5

தமிழரசன் என்று யாரும் இல்லை. "அப்பறம் என்ன புள்ள" என்று சொன்னவன் நான்தான். கேன்டீனில் உட்கார்ந்து, ரிப்போர்ட் தாளின் பின்பக்கத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். முனிராஜ் என் லைனையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறான். மணி பதினொன்றரை.

மூன்று வாரமாக மகள் என்று நான் கேட்டது முழுக்க மாதேஸ்வரியா, ஒருநாளாவது மகளா? தெரியாது. பழைய நோட்டைத் திரும்பப் போட்டுக் கேட்கிறேன். மாதேஸ்வரிதான் என்றாலும் கேட்கவேண்டும் போலிருக்கிறது. அவள் பக்கத்தில் இருக்கவேண்டும் எனக்கு. இரண்டு பேரும் வேண்டும்.

போன் அதிர்கிறது. திரையில் மாதேஸ்வரி. என்னால் எடுக்க முடியவில்லை.

நீங்கள் எடுங்கள். எடுத்ததும் "ஏங்க" என்பாள். அந்த ஒரு சொல்லை எப்படிச் சொன்னாள் என்று மட்டும் என்னிடம் சொல்லுங்கள். மற்றது எனக்குத் தெரிந்துவிடும்.